இம்மட்டும்: மேட்டிலும் பள்ளத்திலும் ஆசீர்வாதம்

எங்கள் ஊர்க் கோயிலில், அதாவது சர்ச்சில், ஞாயிறு ஆராதனையின்போது ஸ்தோத்திரக் காணிக்கை (நன்றிக் காணிக்கை) உறைகளை ஐயர், அதாவது போதகர், ஒவ்வொன்றாக எடுத்து வாசிப்பார். பேரன் பிறந்ததற்காக. மகளுக்கு வேலை கிடைத்ததற்காக. ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததற்காக. அப்பாவின் பலசரக்குக் கடை கடனில் மூழ்கி ஷட்டர் இறங்கியதற்கு அடுத்த ஞாயிறு, அம்மாவும் ஓர் உறை போட்டிருந்தாள். அதன்மேல் நீல மையில், ‘இம்மட்டும் நடத்தி வந்ததற்காக, ரூ. 50’ என்று எழுதியிருந்தது.

ஐயர் அதை வாசித்தபோது எனக்கு உடம்பெல்லாம் கூசியது. அப்போது எனக்குப் பதினைந்து வயது. கடை போனது ஊருக்கே தெரியும். இதற்குப் போய் என்ன ஸ்தோத்திரம் என்று வீடு வரும் வழியெல்லாம் கேட்டுக்கொண்டே வந்தேன். அம்மா பதில் சொல்லவில்லை.

கிறிஸ்தவ விசுவாசத்துக்குப் புதிதாக வருகிறவர்களும், அதற்குள்ளேயே பிறந்து வளர்ந்தவர்களும் தடுக்கி நிற்கிற இடம் இது. வாழ்வு வரும்போது ஆசீர்வாதம் என்கிறோம். தாழ்வு வரும்போதும் ஆசீர்வாதம் என்கிறார்களே, அது எப்படி? மனதைத் தேற்றிக்கொள்ளச் சொல்லும் வார்த்தையா, உண்மையிலேயே அதற்கு ஒரு பொருள் இருக்கிறதா? எனக்குப் புரிந்தவரை சொல்கிறேன்.

முதலில் அம்மா எழுதிய ‘இம்மட்டும்’ என்ற சொல். இதுவரைக்கும் என்று பொருள். அது 1 சாமுவேல் 7:12-இல் இருக்கிறது. இஸ்ரவேலர் தங்கள் பகைவரான பெலிஸ்தரை முறியடித்தபின் தீர்க்கதரிசி சாமுவேல் ஒரு கல்லை நிறுத்தி, ‘இம்மட்டும் கர்த்தர் எங்களுக்கு உதவிசெய்தார்’ என்று சொல்லி, அதற்கு எபெனேசர் என்று பேரிட்டார். உதவியின் கல் என்று பொருள். தென்மாவட்டங்களில் இந்தப் பெயரில் ஆட்களும் உண்டு, வீடுகளும் உண்டு, கடைகளும் உண்டு. வெற்றிக்கு வைத்த பெயர் என்றுதான் நானும் நெடுநாள் நினைத்திருந்தேன்.

மூன்று அதிகாரம் பின்னால் போய்ப் பாருங்கள். 4-ஆம் அதிகாரத்தின் முதல் வசனத்தில் இஸ்ரவேலர் போருக்குப் புறப்பட்டுப் பாளயமிறங்கிய இடத்தின் பெயரும் எபெனேசர்தான். அங்கே முதல் நாள் நாலாயிரம் பேர் விழுந்தார்கள். பிறகு, தேவன் தங்களோடு இருப்பதற்கு அடையாளமான உடன்படிக்கைப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். பெட்டி வந்தால் வெற்றி நிச்சயம் என்று நினைத்தார்கள். முப்பதாயிரம் பேர் மடிந்தார்கள், பெட்டியும் பறிபோனது. அதற்குப் பிறகு இருபது வருஷம் ஜனங்கள் புலம்பிக்கொண்டிருந்ததாக 7-ஆம் அதிகாரம் சொல்கிறது. அத்தனையும் நடந்து முடிந்தபிறகுதான் அந்தக் கல் நிற்கிறது. தோற்ற இடத்தின் பெயரையே சாமுவேல் நன்றிக்கும் வைத்தார். ‘இம்மட்டும்’ என்ற சொல்லுக்குள் அந்த முப்பதாயிரம் பேரின் சாவும் இருக்கிறது, இருபது வருஷக் கண்ணீரும் இருக்கிறது. அவற்றைத் தள்ளிவைத்துவிட்டு நல்லதை மட்டும் எண்ணின சொல் அல்ல அது.

அடுத்து, நாம் கலந்து பேசிவிடுகிற இரண்டு சொற்கள். வேதாகமத்தில் ஆசீர்வாதம் என்பது பெரும்பாலும் தேவன் தருவது: பிள்ளை, விளைச்சல், மழை, ஆயுசு, சமாதானம். அதைத் தாழ்வாக எண்ண வேண்டியதில்லை. பசித்தவனுக்குச் சோறு ஆசீர்வாதம்தான். மலைப்பிரசங்கத்தில் இயேசு எடுப்பது வேறொரு சொல். ‘துயரப்படுகிறவர்கள் பாக்கியவான்கள்; அவர்கள் ஆறுதலடைவார்கள்’ என்கிறார் (மத்தேயு 5:4). கிரேக்கத்தில் மகாரியோஸ். பழைய மொழிபெயர்ப்பு இதைப் பாக்கியவான்கள் என்கிறது. கத்தோலிக்கரும் மற்றவர்களும் சேர்ந்து செய்து 1995-இல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்பு பேறுபெற்றோர் என்கிறது. இது கைக்கு வந்த பொருளைக் குறிக்கும் சொல் அல்ல, ஒருவர் நிற்கிற நிலையைக் குறிக்கும் சொல். துயரம் நல்லது என்று இயேசு சொல்லவில்லை. துயரப்படுகிறவரைத் தேவன் விட்டுப் போகவில்லை, ஆறுதல் அவரை நோக்கி வந்துகொண்டிருக்கிறது, ஆகவே அவர் பேறுபெற்றவர் என்கிறார்.

இந்த வித்தியாசம் பிடிபட்டால் பாதி குழப்பம் தீரும். தாழ்வை ஆசீர்வாதமாகக் காண்பது என்றால் புற்றுநோயை நல்லது என்று கூப்பிடுவதல்ல. அந்தக் கட்டிலண்டையிலும் தேவன் இருக்கிறார் என்று நம்புவது.

இதை மிக விரிவாகச் சொல்லும் கதை யோசேப்புடையது. ஆதியாகமத்தின் கடைசிப் பதினான்கு அதிகாரங்களில் பெரும்பகுதி அவன் கதைதான். ஞாயிறு பள்ளியில் பலவர்ண அங்கியோடு தொடங்கி, எகிப்தின் அதிகாரியாவதோடு முடித்துவிடுவார்கள். நடுவில் கிடப்பதை நிதானமாக வாசிக்க வேண்டும். பதினேழு வயதில் சகோதரர்கள் அவனை இருபது வெள்ளிக்காசுக்கு விற்றார்கள். எகிப்தின் ராஜாவான பார்வோன் முன் நின்றபோது அவனுக்கு முப்பது வயது. இடையில் பதின்மூன்று வருஷம் அடிமைத்தனமும் சிறையும்.

39-ஆம் அதிகாரத்தில் ஒரு வாக்கியம் திரும்பத் திரும்ப வருகிறது. அவனை விலைக்கு வாங்கிய எகிப்திய அதிகாரி போத்திபார் வீட்டில் அவன் கை ஓங்கியிருக்கும்போது, ‘கர்த்தர் யோசேப்போடே இருந்தார்’. பொய்க் குற்றம் சுமத்தி அவனைச் சிறையில் தள்ளியபிறகு, ‘கர்த்தரோ யோசேப்போடே இருந்து’. ஏற்றத்திலும் இறக்கத்திலும் மாறாமல் இருப்பது அந்த ஒன்றுதான். கதை எழுதியவர் இதைக் கைதவறி எழுதவில்லை என்றே நான் நினைக்கிறேன்.

அதற்காக யோசேப்பு எல்லாவற்றையும் சிரித்த முகத்தோடு வாங்கிக்கொண்டவனும் அல்ல. குழிக்குள் கிடந்து அவன் கெஞ்சினது வெகுகாலம் கழித்து, 42-ஆம் அதிகாரத்தில், சகோதரர்கள் வாயாலேயே வெளிவருகிறது: அவன் மன வியாகுலத்தைக் கண்டும் செவிகொடாமற்போனோமே என்று. சிறையில் உடனிருந்த, ராஜாவின் பானபாத்திரக்காரனிடம், என்னை நினைத்துக்கொள்ளும், இங்கிருந்து என்னை விடுதலையாக்கும் என்று வேண்டுகிறான். அந்த ஆள் மறந்துபோகிறான். அதற்குப் பிறகும் இரண்டு வருஷம் சிறை. சகோதரர்களுக்குத் தன்னை வெளிப்படுத்தும்போது எகிப்தியர் காதில் விழுகிற அளவுக்குச் சத்தமிட்டு அழுகிறான். பிள்ளைகளுக்கு வைத்த பெயரைப் பாருங்கள். மூத்தவன் மனாசே: என் வருத்தத்தை மறக்கப்பண்ணினார். இளையவன் எப்பிராயீம்: நான் சிறுமைப்பட்டிருந்த தேசத்தில் என்னைப் பலுகப்பண்ணினார், அதாவது பெருகச் செய்தார். இரண்டு பேருக்குள்ளும் வலியைப் பொதிந்து வைத்திருக்கிறான். பலுகிய பிறகும் அது அவனுக்குச் சிறுமைப்பட்ட தேசம்தான்.

கடைசியில் அந்தப் பிரபலமான வசனம், ஆதியாகமம் 50:20. ‘நீங்கள் எனக்குத் தீமைசெய்ய நினைத்தீர்கள், தேவனோ... அதை நன்மையாக முடியப்பண்ணினார்.’ தீமையைத் தீமை என்றே சொல்கிறான். நீங்கள் செய்ததும் ஒரு விதத்தில் நல்லதுதான் என்று அவர்கள் மனம் குளிரப் பேசவில்லை. செய்தவர்கள் செய்தார்கள், அவர்கள் கையிலிருந்து தேவன் அதை வாங்கி வேறு இடத்தில் கொண்டுபோய் முடித்தார். அந்த ‘நன்மை’யும் அவனுடைய பதவி அல்ல. வெகு ஜனங்களை உயிரோடே காக்கும்படிக்கு என்கிறான். பஞ்ச காலத்தில் சோறு தின்ற ஜனங்கள்தான் அந்த நன்மை.

ரோமர் 8:28-ஐயும் இதே கவனத்தோடு வாசிக்க வேண்டும். ‘தேவனிடத்தில் அன்புகூருகிறவர்களுக்குச் சகலமும் நன்மைக்கு ஏதுவாக நடக்கிறது’ என்பதை எடுத்து, ‘எல்லாம் நன்மைக்கே’ என்று இரண்டே சொல்லில் சுருக்கிவிடுகிறோம். நடக்கிற ஒவ்வொன்றும் நல்லது என்று அப்போஸ்தலன் பவுல் எழுதவில்லை. எந்த நன்மை என்பதை அடுத்த வசனமே சொல்கிறது: குமாரனுடைய சாயலுக்கு ஒப்பாவது. போன வேலைக்குப் பதிலாக அதைவிடப் பெரிய வேலை கிடைக்கும் என்ற வாக்கு அதில் இல்லை. கிடைக்கலாம், கிடைக்காமலும் போகலாம். எங்கள் கடை திரும்பத் திறக்கவே இல்லை. அப்பா இன்னொருவர் கடையில் கணக்கெழுதப் போனார்.

இந்த உபதேசத்தை எங்கே எடுக்கக் கூடாது என்பதும் தொடக்கத்திலேயே தெரிந்திருக்க வேண்டும். பிள்ளையைப் பறிகொடுத்த வீட்டில் போய் உட்கார்ந்து, ‘கர்த்தர் ஒரு நோக்கத்தோடதான் எடுத்திருப்பார்’ என்று சொல்கிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். கெட்ட எண்ணமில்லை. ஆனாலும் அந்தத் தாயின் முகம் அப்படியே மூடிக்கொண்டதையும் பார்த்தேன். வேதாகமத்தில், பிள்ளைகளையும் சொத்தையும் சுகத்தையும் இழந்த யோபுவின் நண்பர்கள் முதல் ஏழு நாள் ஒரு வார்த்தையும் பேசாமல் அவனோடேகூடத் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் செய்ததிலேயே நல்லது அதுதான். அதன்பின் தொடங்கிய வாக்குவாதம் இருபது அதிகாரத்துக்கு மேல் இழுத்தது. முடிவில் தேவன் அவர்களைப் பார்த்து, நீங்கள் என்னைக்குறித்து நிதானமாய்ப் பேசவில்லை என்றார். இத்தனைக்கும் அவர்கள் தேவனுக்காக வாதாடியவர்கள். எதிர்த்துக் கேள்வி கேட்டவன் யோபு. நிதானமாய்ப் பேசினவன் என்று பேர் வாங்கினவனும் அவனே.

இறந்துபோன சிநேகிதன் லாசருவின் கல்லறைக்குப் போகும்போது, இன்னும் சற்று நேரத்தில் அவனை எழுப்பப் போகிறோம் என்று இயேசுவுக்குத் தெரியும். தெரிந்தும் அவன் சகோதரி மரியாளிடம் விளக்கம் சொல்லவில்லை. ‘இயேசு கண்ணீர் விட்டார்’ (யோவான் 11:35). முடிவு தெரிந்தவரே அழுதிருக்கும்போது, முடிவு தெரியாத நாம் அழக்கூடாது என்று யாரும் சொல்ல முடியாது.

இன்னொன்றையும் அழுத்தமாகச் சொல்ல வேண்டும். கணவனிடம் அடிபடுகிற பெண்ணிடம், ‘இது உன் சிலுவை, பொறுத்துக்கோ’ என்று சொல்வது விசுவாசம் அல்ல, பாவம். கூலியைக் கொடுக்காத முதலாளி, சாதியைச் சொல்லித் தள்ளிவைக்கிற ஊர், இவற்றை ஆசீர்வாதம் என்று யாராவது போதித்தால், அநியாயத்துக்கு எதிராகத் தீர்க்கதரிசிகள் ஆமோசும் ஏசாயாவும் கத்தினது அவர்கள் காதில் விழவில்லை என்று அர்த்தம். அநியாயத்தை நிறுத்த வேண்டும், அடிபடுகிறவரை அந்த வீட்டைவிட்டு வெளியே கொண்டுவர வேண்டும். கடந்து வந்தபிறகு அவரே திரும்பிப் பார்த்து, அங்கேயும் கர்த்தர் என்னோடு இருந்தார் என்று சொன்னால், அதைத் தலைவணங்கிக் கேட்கலாம். அவருக்காக நாம் முந்திக்கொண்டு சொல்லக் கூடாது.

இதைத் தன் உடம்பிலேயே அனுபவித்த ஒருவர் எங்கள் திருநெல்வேலிச் சீமையில் இருந்தார். ஏமி கார்மைக்கேல். 1867-இல் அயர்லாந்தில் பிறந்த மிஷனரி. 1895-இல் இந்தியா வந்து, 1901 முதல் டோனாவூரில் குடியிருந்தார். இந்துக் கோயில்களுக்கு நேர்ந்துவிடப்படும் நிலையில் இருந்த பெண்பிள்ளைகளை மீட்டு வளர்த்தார். பிள்ளைகள் அவரை அம்மா என்றே கூப்பிட்டார்கள்.

அவரைப் பற்றி ஞாயிறு பள்ளியில் அடிக்கடி சொல்லும் கதை ஒன்று உண்டு. சிறுமியாக இருந்தபோது, தனக்கு நீலக் கண் வேண்டும் என்று இரவில் ஜெபித்துவிட்டுப் படுத்தார்; காலையில் கண்ணாடியில் பார்த்தால் அதே பழுப்புக் கண். பின்னாளில் சேலை கட்டிக்கொண்டு நம் ஊர்ப் பெண்ணைப்போல நடமாடிப் பிள்ளைகளை மீட்கும்போது, அந்தப் பழுப்புக் கண்தான் கைகொடுத்தது. நல்ல கதை. குழந்தைகளுக்குச் சொல்லலாம். ஆனால் கேட்டது ஏன் கிடைக்கவில்லை என்பதற்கு எல்லாருக்கும் இப்படிக் கச்சிதமான விடை வாய்ப்பதில்லை. அவருக்கே வாய்க்கவில்லை.

1931 அக்டோபர் 24 அன்று, டோனாவூருக்குப் பக்கத்தில் களக்காட்டில் ஒரு வீட்டைப் பார்வையிடப் போனவர், இருட்டில் குழி இருப்பது தெரியாமல் விழுந்தார். கால் முறிந்தது, முதுகும் அடிபட்டது. கொஞ்ச நாளில் எழுந்துவிடுவார் என்று எல்லாரும் நினைத்தார்கள், ஜெபித்தார்கள். எழுந்து பழையபடி நடமாட முடியவில்லை. 1951 ஜனவரியில் கண்மூடும்வரை ஏறக்குறைய இருபது வருஷம் பெரும்பாலும் அந்த ஓர் அறையே. அந்த அறையிலிருந்துதான் புத்தகம் புத்தகமாக எழுதினார். நோயாளிகளுக்காக வரும் ஆறுதல் எழுத்தெல்லாம் பெரும்பாலும் நலமாக இருப்பவர்கள் எழுதியது, படுத்துக் கிடப்பவர் மனதுக்கு அது எட்டுவதில்லை என்பது அவருக்குக் கிடையில் விழுந்தபிறகுதான் தெரிந்தது. ஆகவே நோயாளியாகவே நோயாளிகளுக்குக் கடிதம் எழுதினார்.

குழியில் விழுந்தது ஆசீர்வாதம் என்று நான் சொல்ல மாட்டேன். அந்தக் குழியை அங்கே யாரும் தோண்டாமல் இருந்திருந்தால் நல்லது. ஆனால் விழுந்தபிறகு அந்தக் கட்டிலிலிருந்து எத்தனையோ பேருக்குப் போனதே, அதற்கு வேறு பெயர் எனக்குத் தெரியவில்லை. தன் கல்லறைமேல் கல் வைக்கக் கூடாது என்று அவர் சொல்லியிருந்தார். பிள்ளைகள் குருவிகள் வந்து தண்ணீர் குடிக்க ஒரு தொட்டியை வைத்து, அதில் ‘அம்மா’ என்ற ஒரே சொல்லைப் பொறித்தார்கள்.

தாழ்வைப் பற்றியே பேசிக்கொண்டு போகிறேன். வாழ்வுதான் இதைவிடக் கடினம் என்று சொன்னால் நம்புவீர்களா? உபாகமம் 8-ஆம் அதிகாரத்தில் மோசே பயப்படுவது வனாந்தரத்தைக் கண்டு அல்ல. நல்ல வீடு கட்டி, ஆடுமாடு பெருகி, வயிறார உண்டபிறகு, ‘என் சாமர்த்தியமும் என் கைப்பெலனும் இந்த ஐசுவரியத்தை எனக்குச் சம்பாதித்தது’ என்று உள்ளுக்குள் சொல்லிக்கொள்ளும் அந்த நாளை நினைத்தே பயப்படுகிறார். இயேசு பத்துக் குஷ்டரோகிகளைச் சுகமாக்கினார். திரும்பி வந்து நன்றி சொன்னவன் ஒருவன். மற்ற ஒன்பது பேரும் கெட்டவர்களாக இருந்திருக்க மாட்டார்கள். சுகமானதும் வீட்டு நினைப்பு, வேலை நினைப்பு வந்திருக்கும். நோயில் பத்துப்பேரும் சேர்ந்து நின்று கூவினார்கள்.

டிசம்பர் 31 இரவு ஆராதனையில் வாக்குத்தத்த வசன அட்டை எடுப்போம். வரிசையில் நின்று எடுத்து, வெளிச்சத்தில் பிடித்து வாசிக்கும்போது எல்லார் மனதிலும் இருப்பது ஒன்றுதான், இந்த வருஷம் ஏதாவது நல்லது நடக்குமா. அதில் தப்பில்லை. அந்த அட்டைகளில் பிலிப்பியர் 4:12 வந்து நான் பார்த்ததில்லை. ‘தாழ்ந்திருக்கவும் எனக்குத் தெரியும், வாழ்ந்திருக்கவும் எனக்குத் தெரியும்.’ பவுல் இதைச் சிறையிலிருந்து எழுதுகிறார். யாருக்கு? பிலிப்பி சபைக்கு, அதே பிலிப்பியில்தான் முன்பு அவரும் உடன் ஊழியர் சீலாவும் அடிபட்டு, கால்கள் தொழுமரத்தில் மாட்டப்பட்டு, நடுராத்திரியில் பாடினார்கள். தாழ்ந்திருக்கத் தெரியும் என்பது புரிகிறது. வாழ்ந்திருக்கவும் தெரிய வேண்டும் என்று அவர் சேர்த்துச் சொன்னதுதான் யோசிக்க வைக்கிறது. இரண்டுமே ‘போதிக்கப்பட்டேன்’ என்கிறார். பிறவிக் குணம் அல்ல, கற்றுக்கொண்ட பாடம். நமக்கு இன்னும் வரவில்லை என்றால் அவமானப்பட ஒன்றுமில்லை.

எங்கிருந்து தொடங்குவது என்று கேட்பவர்களுக்கு நான் காட்டுவது 23-ஆம் சங்கீதம். மனப்பாடமாகத் தெரியும் என்று தாண்டிவிடாமல் ஒருமுறை வாய்விட்டு மெதுவாக வாசியுங்கள். புல்லுள்ள இடங்களில் நடக்கும்வரை தாவீது தேவனைப் பற்றிப் பேசுகிறான்: அவர் என்னை மேய்க்கிறார், அவர் என் ஆத்துமாவைத் தேற்றுகிறார். நாலாம் வசனத்தில் மரண இருளின் பள்ளத்தாக்கு வருகிறது. அங்கே ‘அவர்’ போய்விடுகிறது. ‘தேவரீர் என்னோடேகூட இருக்கிறீர்.’ மேட்டில் பிறரிடம் தேவனைப் பற்றிச் சொல்லிக்கொண்டு வந்தவன், பள்ளத்தில் அவரைப் பார்த்தே பேசத் தொடங்குகிறான். பள்ளத்தாக்கு சமதரை ஆகவில்லை. பேச்சு நெருங்கிவிட்டது.

நன்றி வரவில்லை என்றால் 13-ஆம் சங்கீதத்திலிருந்து தொடங்கலாம். ‘கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்’ என்பதும் ஜெபம்தான். வேதாகமமே அதை அச்சிட்டு நம் கையில் கொடுத்திருக்கிறது. முறையிட்டு முடித்தபிறகு, மறுத்துப் பேச முடியாத ஒரு சின்னக் காரியத்துக்கு நன்றி சொன்னால் போதும். நாளைக்கு என்ன ஆகும் என்று அதில் சேர்க்க வேண்டாம். ‘இம்மட்டும்’ என்பது நேற்றுவரைக்குமான கணக்கு.

அந்தக் காணிக்கை உறையைப் பற்றி அம்மாவிடம் நான் மறுபடி கேட்டது கல்லூரி முடித்த பிறகு. வாசலில் உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். கை நிற்கவில்லை.

“கடை போனதுக்கா ஸ்தோத்திரம் சொன்னேன்? கடன்காரன் வாசல்ல வந்து நின்ன வாரம் அது. அந்த வாரம் பூரா உங்க அப்பா ராத்திரி வீட்டுக்குள்ளதான் படுத்திருந்தாவ. காலையில எந்திச்சி காப்பி கேட்டாவ. அதுக்குத்தான் அம்பது ரூபா.”

எனக்கு அதுவரை அந்த வாரம் அப்படி ஒரு வாரம் என்றே தெரியாது.

போன வருஷம் என் தங்கைக்குக் கல்யாணம் முடிந்தது. கடனும் ஒருவழியாகத் தீர்ந்திருந்தது. அடுத்த ஞாயிறுக்காக அம்மா மேஜைமேல் உறையை வைத்துக்கொண்டு பேனாவைத் தேடினாள். உள்ளே வைத்தது இந்த முறை ஆயிரம் ரூபாய். மேலே அதே மூன்று சொற்கள்.

அப்பா எட்டிப் பார்த்துவிட்டு, “இந்த வருஷமாவது மக கல்யாணத்துக்குன்னு வெளங்க எழுதேன்” என்றார்.

“வேற என்னத்த எழுதச் சொல்லுதிய” என்று சொல்லிக்கொண்டே அம்மா உறையின் ஓரத்தை எச்சில் தொட்டு ஒட்டினாள்.